முற்றுப்பெறாத கருவியும் முதற் பாவனையாளரும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

ஒரு பொருளின் தகுதி பற்றித் தீர்ப்புக் கூறும் உரிமை அதனை ஆக்கியவனுக்கு உரியதா, அன்றி அதனைப் பயன்படுத்துபவனுக்கு உரியதா என்பது மெய்யியல் வரலாற்றில் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. பிளேட்டோ தமது 'குடியரசு' என்னும் நூலின் பத்தாம் பகுதியில் இவ்வினாவுக்கு விடை தருகின்றார். குழலின் நன்மை தீமைகளை உண்மையில் அறிந்தவன் அதனை வாசிப்பவனே என்றும், குழல் செய்வோன் அவனிடம் கேட்டறிந்தே தன் தொழிலைச் செப்பனிடவேண்டும் என்றும் அவர் கருதினார். அவருடைய மாணாக்கரான அரிஸ்டோட்டில் 'அரசியல்' நூலின் மூன்றாம் பகுதியில் இதனை மேலும் விரித்தார். வீட்டைக் கட்டியவனிலும் அதிற் குடியிருப்பவனும், சுக்கானைச் செய்த தச்சனிலும் மரக்கலத்தைச் செலுத்துபவனும், சமைத்தவனிலும் விருந்துண்பவனும் நன்கு தீர்ப்பளிக்க வல்லவர்கள் என்பது அவர் கூற்றின் சாரமாகும்.

இக்கருத்தை இன்று எவரும் மறுப்பதில்லை. எனினும் அவ்விருவரும் எடுத்துக்காட்டிய பொருள்கள் யாவும் செய்து முடிக்கப்பட்டவை என்பது நோக்கற்பாலது. குழல் துளையிடப்பட்டு வாசிப்பவன் கைக்கு வந்துவிட்டது. வீடு கூரை வேயப்பட்டுக் குடிபுகும் நிலையில் உள்ளது. நமது காலத்தில், குறிப்பாகக் கணினி மென்பொருளின் உலகில், வழக்கம் வேறாயிற்று. செய்து முடிக்கப்படாத பொருளையே பாவனையாளர் கையிற் கொடுத்து, அவர் கூறும் குறைகளைக் கேட்டு அதனை ஆக்கிமுடிக்கின்றனர். இங்கே ஒழுக்கவியல் சார்ந்த புதிய வினா எழுகின்றது. குறைபாடுடையது என்று தான் அறிந்த ஒன்றைப் பிறர் கையிற் கொடுக்க ஆக்குவோனுக்கு உள்ள உரிமை யாது? அவ்வாறு கொடுக்கும்பொழுது அவன் ஏற்றுக்கொள்ளும் கடன் யாது? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இவ்வழக்கம் தோன்றிய வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1985ஆம் ஆண்டு ஜோன் கூல்ட், கிளேற்றன் லூயிஸ் என்னும் ஆய்வாளர் இருவர், கணினி முறைமைகளை வடிவமைப்போர் மூன்று நெறிகளைப் பின்பற்றவேண்டும் என எழுதினர். பாவனையாளரையும் அவர்தம் வேலையையும் தொடக்கத்திலிருந்தே அறிதல், அவர்கள் கருவியைப் பயன்படுத்துமாற்றை நேரில் அளந்து நோக்குதல், கண்டறிந்ததைக் கொண்டு மீண்டும் மீண்டும் திருத்துதல் என்பன அவை. அதற்கு முந்திய ஆண்டில் லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவில், விளையாட்டு வீரர்கள் குரற்செய்திகளைப் பெறுவதற்கென ஐ.பி.எம். நிறுவனம் ஒரு முறைமையை அமைத்திருந்தது. கூல்ட்டும் பிறரும் அதன் மாதிரியைத் தமது ஆய்வுக்கூடத்தின் நடைவழியில் வைத்து, போவோர் வருவோரெல்லாம் தொட்டுப் பார்க்கவும் குறை சொல்லவும் இடமளித்தனர். பின்னர் நெற்ஸ்கேப் நிறுவனம் தனது உலாவியின் முற்றுப்பெறாத பதிப்பை 1994 ஒக்ரோபரில் இணையத்தின் வழியே எவரும் பெற்றுக்கொள்ள விட்டது. அடுத்த ஆண்டு அதன் இரண்டாம் பதிப்பின் சோதனைக் காலத்தில், வழுக்களைக் கண்டு அறிவிப்போருக்குப் பணமும் பரிசுப்பொருள்களும் வழங்கப்படும் என்றும் அது அறிவித்தது. ஆய்வுக்கூடத்தின் நடைவழியில் தொடங்கிய பழக்கம் பத்தாண்டுகளுள் உலகெங்கும் பரவிய தொழில்முறையாயிற்று.

இவ்வழக்கத்தின் ஒழுக்கவியற் சிக்கல்களை ஆராய்வதற்குப் பெருங்கருவிகளினும் மிகச் சிறியதொரு கருவியை எடுத்துக்கொள்வது பொருத்தமாகும். சிறியதில் நிறுவனம், சட்டம், விளம்பரம் என்பன குறுக்கிடுவதில்லை. ஆக்குவோனும் பாவனையாளரும் நேருக்குநேர் நிற்கின்றனர். அத்தகைய கருவி புக்மார்க்லெற் எனப்படுவது. உலாவியில் நாம் விரும்பிய பக்கத்தின் முகவரியைப் புத்தகக்குறியாகச் சேமித்து வைக்கின்றோம். முகவரி இருக்கவேண்டிய இடத்தில் ஜாவாஸ்கிரிப்ற் மொழியில் எழுதப்பட்ட சிறு நிரல் ஒன்றை வைத்தால், அக்குறியை அழுத்தியதும் அந்நிரல் அப்பொழுது திறந்திருக்கும் பக்கத்தின்மீது இயங்கும். இதுவே புக்மார்க்லெற். நெற்ஸ்கேப்பில் 1995இல் ஆக்கப்பட்ட ஜாவாஸ்கிரிப்ற் மொழியின் துணைவிளைவாக இது தோன்றியது. 1998இல் இப்பெயர் வழக்குக்கு வந்தது. 2008இல் மார்க்கோ ஆர்மென்ற் என்பவர் வெளியிட்ட இன்ஸ்ராபேப்பர், 'பின்னர் வாசிப்பேன்' என்னும் பொருள்பட்ட ஒரேயொரு பொத்தானைக் கொண்டே பலரை ஈர்த்தது. 2009இல் வெளிவந்த ரீடபிலிற்றி என்னும் சிறு நிரல் பக்கத்திலுள்ள விளம்பரங்களை நீக்கிக் கட்டுரையை மட்டும் காட்டியது. அடுத்த ஆண்டே அப்பிள் நிறுவனம் அதனைத் தழுவித் தனது சபாரி உலாவியில் வாசிப்பு வசதியை அமைத்தது. ஒருவர் சில நாளில் எழுதக்கூடிய நிரல் இத்துணைப் பயன்தர வல்லது. அதே எளிமையால், முற்றுப்பெறுமுன்னரே அது பலர் கையை எட்டவும் வல்லது.

நமக்கு அண்மையிலுள்ள ஒரு தேவையைக் கொண்டு இதனை விளக்கலாம். ஒருங்குறி முறை பரவுமுன்னர் இலங்கையில் தமிழ் தட்டச்சிட்டோருட் பலர் பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தினர். அம்முறையில் எழுதப்பட்ட பக்கங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். மாணவர் ஒருவர் அக்குவியலை ஒருங்குறித் தமிழாக மாற்றும் புக்மார்க்லெற் ஒன்றை எழுதுகின்றார் எனக் கொள்வோம். தம்மிடமுள்ள பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் அவர் அதனைச் சோதிக்கின்றார்; யாவும் செம்மையாக மாறுகின்றன. கருவி முற்றுப்பெற்றது என்றே அவர் எண்ணுகின்றார். பின்னர் தம் நண்பர் சிலரிடம் அதனைக் கொடுக்கின்றார்.

முதல் நாளிலேயே மூன்று செய்திகள் வருகின்றன. ஒருவர் திறந்த பக்கத்தில் தமிழுக்கிடையே ஆங்கிலப் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் இருந்தன. கருவி அவற்றையும் தமிழெழுத்துகளாக மாற்றிச் சிதைத்துவிட்டது. இன்னொருவர் பக்கத்தின் கீழேயுள்ள பெட்டியில் நீண்ட குறிப்பொன்றை எழுதிக்கொண்டிருந்தபொழுது பொத்தானை அழுத்தினார். அவர் எழுதியதும் மாற்றத்துக்குள்ளாகி அழிந்தது. மூன்றாமவரின் செய்தியே ஆக்கியவரைப் பெரிதும் வியக்கவைத்தது. பாமினியில் இகரம் காற்புள்ளிக்குரிய இடத்தில் அமைந்துள்ளது. உண்மையான காற்புள்ளிக்கு வேறொரு குறி உண்டு. முதன்முறை அழுத்தியதும் அக்குறி முறைப்படி காற்புள்ளியாக மாறியது. பக்கம் நீண்டதாகையால் மாற்றம் சற்றுத் தாமதித்தது. பொறுமையிழந்த பாவனையாளர் மறுமுறையும் அழுத்தினார். அப்பொழுது, சரியாக மாறியிருந்த காற்புள்ளிகள் எல்லாம் இகரங்களாயின.

பொத்தானை இருமுறை அழுத்துவது பற்றி ஆக்கியவர் ஏன் எண்ணவில்லை? அவர் கவனமற்றவர் என்பது காரணமாகாது. கருவி உள்ளே யாது செய்கின்றது என்பதை அவர் அறிவார், ஆதலால் அதன் தாமதத்தின் காரணத்தையும் அறிவார், ஆதலால் காத்திருக்கின்றார். அவருடைய அறிவே அவருக்கு மறைப்பாகின்றது. பாவனையாளருக்கு அவ்வறிவு இல்லை. அவர் முன் இருப்பது விடையளிக்காத பொத்தான் மட்டுமே. பிளேட்டோவின் குழலூதுவோன் குழல் செய்வோனிலும் மிகுதியாக அறிந்தவன். ஆனால் இங்கே முதற் பாவனையாளர் தமது அறியாமையினாலேயே ஆக்கியவருக்கு எட்டாத உண்மையைக் கண்டடைகின்றார். பழைய மெய்யியலாளரின் கருத்துடன் நமது காலம் சேர்க்கக்கூடிய திருத்தம் இதுவாகும். பயன்படுத்துவோன் நல்ல நீதிபதியாவது அவன் நிபுணன் என்பதனால் மட்டுமன்று. ஆக்கியவனின் நோக்கத்தை அறியாதவன் என்பதனாலுமாகும்.

ஆகவே, முற்றும் செப்பமாக்கிய பின்னரே பிறருக்குக் கொடுக்கவேண்டும் என்னும் நெறி கேட்பதற்கு நேர்மையானதாயினும், நடைமுறையில் நிறைவேற்ற இயலாதது. பாவனையாளரின்றிச் செப்பம் என்பதே கிட்டாது. அந்நெறியைக் கடைப்பிடிப்பவர் உண்மையில் செய்வது யாதெனில், குறைகளைத் தாம் அறியாத நிலையில், குறையற்றது என்ற உறுதிமொழியுடன் கருவியை வெளியிடுவதாகும். முற்றுப்பெறாதது என்று கூறிக் கொடுப்பது அதனினும் நேர்மையானது. முதல் வினாவுக்கு இவ்வளவில் விடை கிடைக்கின்றது: கொடுக்க உரிமை உண்டு. ஆனால் அவ்வுரிமை சில கடன்களினால் வரையறுக்கப்பட்டது.

படைப்பைப் பிறர் ஆய்வுக்கு உட்படுத்தும் வழக்கம் நமக்குப் புதியதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேற்றப்பட்ட செய்தியைப் பனம்பாரனார் பாடிய சிறப்புப் பாயிரம் தருகின்றது. அரங்கேற்றத்தையும் கருவிச் சோதனையையும் ஒப்புநோக்குவோர், இரண்டும் ஒன்றே எனக் கூற முற்படக்கூடும். ஆனால் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. அரங்கேற்றத்தில் இடர் முழுவதும் படைப்பாளியைச் சார்ந்தது. நூல் குறையுடையதாயின் நாணுபவன் புலவன். கேட்டிருந்த அவைக்கு யாதொரு கேடுமில்லை. கருவிச் சோதனையிலோ இடரின் பெரும்பகுதியைச் சோதிப்பவர் தாங்குகின்றார். மேலே கூறிய எடுத்துக்காட்டில் எழுதிய குறிப்பை இழந்தவர் பாவனையாளரே. ஆக்கியவர் இழந்தது ஒன்றுமில்லை. அன்றியும், அவையோர் தாம் ஆராய்வதற்காகவே கூடியிருப்பதை அறிவர். பாவனையாளரோ பல வேளைகளில் தாம் சோதிப்பவர் என்பதையே அறிவதில்லை. படைப்பாளி தாங்கிய இடர் கேட்போர் தலைக்கு மாறியிருக்கும் இந்நிலையே நமது ஒழுக்கவியற் சிக்கலின் மூலமாகும்.

புக்மார்க்லெற்றைப் பொறுத்தவரை இவ்விடர் காற்புள்ளிகளுடன் நின்றுவிடுவதில்லை. அச்சிறு நிரல் பாவனையாளர் திறந்துள்ள பக்கத்தினுள் அவருக்குரிய அதிகாரத்துடனேயே இயங்குகின்றது. அவர் தமது அஞ்சற்பெட்டியைத் திறந்திருக்கும்பொழுது அழுத்தினால், அங்குள்ள கடிதங்களை வாசிக்கவும் அவற்றை வேறிடத்துக்கு அனுப்பவும் அந்நிரலினால் இயலும். உலாவிகளுக்கான விரிவுகளை வெளியிடுவோர் பெரும்பாலும் உலாவி நிறுவனத்தின் பரிசீலனைக்கு உட்படவேண்டும். புக்மார்க்லெற்றுக்கு அவ்வாறான வாயிற்காவலர் எவருமிலர். ஆக்கியவரின் நேர்மையே ஒரே காவல். மேலும், அஞ்சற்பெட்டியிலுள்ள கடிதங்கள் பிறர் எழுதியவை. பாவனையாளர் தமது இடரை ஏற்க இசையலாம். கடிதம் எழுதியவர்கள் இசையவில்லை. மூன்றாமவர் ஒருவருக்கு நேரும் இடருக்கு இருவர் தம்முட் செய்துகொண்ட உடன்பாடு போதுமான நியாயமாகாது.

இங்கே தொழில்நுட்பம் சார்ந்த ஓர் இருதலைச் சிக்கலும் உண்டு. புக்மார்க்லெற்றை இருவகையாக அமைக்கலாம். முழு நிரலையும் புத்தகக்குறியினுள்ளேயே வைப்பது ஒருவகை. குறியினுள் ஒரு சிறு அழைப்பை மட்டும் வைத்து, அழுத்தும்பொழுதெல்லாம் நிரலை ஆக்கியவரின் வழங்கியிலிருந்து தருவிப்பது மற்றொரு வகை. இரண்டாம் வகையே திருத்துவதற்கு எளியது. இன்று ஒருவர் குறை சொன்னால் நாளை யாவருக்கும் திருத்தம் போய்ச் சேரும். ஆனால் அதே வழியாக, பாவனையாளர் அறியாமலே கருவியின் தன்மை முற்றாக மாறவும் கூடும். நேற்று அவர் இசைந்தது ஒன்றுக்கு. இன்று இயங்குவது இன்னொன்று. முதல் வகையில் இவ்வச்சமில்லை. கொடுத்தது கொடுத்தவாறே இருக்கும். ஆயின் அதன் குறையும் இருந்தவாறே இருக்கும். எவரெவர் அதனைப் படியெடுத்து வைத்துள்ளனர் என்பதை ஆக்கியவர் அறியார். கேடு விளைவிக்கும் பழைய படியைத் திரும்பப் பெறவும் அவரால் இயலாது. திருத்தத்தக்கது மறைவாக மாற்றவும் தக்கது. மறைவாக மாற்றவியலாதது திருத்தவும் இயலாதது.

இதற்கு நடைமுறையில் ஒரு தீர்வு உண்டு எனக் கருதுகின்றேன். சோதனைக் காலத்துக் கருவியை முதல் வகையில் அமைத்து, அதனுள் பதிப்பெண்ணையும் முடிவுத் திகதியையும் எழுதிவிடலாம். அத்திகதி கடந்ததும் அது இயங்க மறுத்து, புதிய படியைப் பெறுமாறு கூறும். புதிய படியைப் பெறும்பொழுது, மாறியவை எவை எனப் பாவனையாளருக்குச் சொல்லப்படும். அவர் மீண்டும் இசையலாம் அல்லது மறுக்கலாம். இவ்வமைப்பு ஆக்கியவருக்குச் சிரமம் தருவது. திருத்தமும் தாமதித்தே போய்ச் சேரும். ஆயினும் இசைவு என்பது ஒருமுறை பெற்று நிலையாக வைத்துக்கொள்ளும் பொருளன்று என்பதை அது நினைவூட்டுகின்றது. இடரைச் சோதிப்பவர் தாங்கும்பொழுது, சிரமத்தை ஆக்கியவர் தாங்குவதே நீதி.

இனி, கடன்களை ஒழுங்குபட நோக்குவோம். முதலாவது கடன் உண்மை கூறல். கருவி யாது செய்யும், யாது செய்யாது, எவ்வெப் பக்கங்களில் அதனைப் பயன்படுத்தலாகாது என்பவற்றை எளிய மொழியிற் கூறவேண்டும். மனிதரைக் கொண்டு செய்யப்படும் ஆய்வுகள் பற்றி 1979இல் அமெரிக்காவில் வெளியான பெல்மொன்ற் அறிக்கை, மனிதருக்கு மதிப்பளித்தல், நன்மை செய்தல், நீதி என்னும் மூன்று கோட்பாடுகளை வகுத்தது. அறிந்து இசைதல் அவற்றுள் முதலாவதிலிருந்து பிறப்பது. மென்பொருள் ஆக்குவோர் பலர் இக்கோட்பாடு மருத்துவத்துக்கே உரியது என எண்ணுகின்றனர். 2012 ஜனவரியில் பேஸ்புக் நிறுவனம் 6,89,003 பேருக்குக் காட்டப்படும் செய்திகளின் உணர்ச்சித் தன்மையை மாற்றி, அவர்கள் எழுதுவதில் அதன் விளைவை அளந்தது. 2014இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தபொழுது பெருங் கண்டனம் எழுந்தது. விளைந்த மாற்றம் மிகச் சிறியதே. மக்கள் சினந்தது மாற்றத்தின் அளவு கண்டன்று. தாம் சோதனைப் பொருளானது தமக்குத் தெரிவிக்கப்படாமை கண்டேயாம். மனிதனை ஒருபொழுதும் வெறும் கருவியாக நடத்தலாகாது என இம்மானுவேல் கான்ற் 1785இல் வகுத்த நெறி இங்கே நேரடியாகப் பொருந்துகின்றது. கருவியைச் சோதிக்கப் புகுந்தவன் மனிதனையே கருவியாக்கிவிடலாகாது.

இரண்டாவது கடன், மறுக்கக்கூடியவரிடம் கேட்டல். இது பல்கலைக்கழகச் சூழலில் தனிக் கவனத்துக்குரியது. விரிவுரையாளர் ஒருவர் தாம் ஆக்கிய கருவியைத் தமது வகுப்பு மாணவரிடம் கொடுத்து, "பயன்படுத்திப் பார்த்து அபிப்பிராயம் கூறுங்கள்" என்கின்றார் எனக் கொள்வோம். அவருடைய எண்ணம் நல்லதே. ஆனால் அம்மாணவரின் விடைத்தாளைத் திருத்தப்போகின்றவரும் அவரே. "மிகவும் நன்று சேர்" என்னும் விடையை அவர் முன்கூட்டியே பெற்றுக்கொண்டவராகின்றார். அவ்விடையினால் கருவிக்கும் பயனில்லை. அவ்விடையைக் கூற நேர்ந்த மாணவருக்கோ சிறியதொரு பொய்யைச் சொன்ன சுமை. மரியாதை என்பது நமது சமூகத்தின் சிறந்த பண்புகளுள் ஒன்று. ஆயினும் மரியாதையினால் அடக்கப்பட்ட உண்மை மரியாதைக்கு உரியவருக்கே தீங்காகும். பெயர் குறிப்பிடாமல் எழுத இடமளித்தும், தமக்குக் கடமைப்படாதவரைத் தேடிச் சென்றும் இக்குறையை ஓரளவு நீக்கலாம். பெருந்தொகையினர் வேண்டுமென்பதில்லை. ஜேக்கப் நீல்சன் என்பார், ஐவரைக் கொண்டு சோதித்தாலே பயன்பாட்டுக் குறைகளில் ஏறத்தாழ 85 வீதம் வெளிப்படும் எனக் கணித்தார். அவ்வெண் எல்லாக் கருவிகளுக்கும் ஒருபடித்தாகப் பொருந்தாதெனினும், அஞ்சாது பேசும் ஐவர் புகழ்ந்துரைக்கும் ஐந்நூற்றுவரினும் மேலானவர் என்பதில் ஐயமில்லை.

மூன்றாவது கடன் செவிமடுத்தல். எளிதெனத் தோன்றும் இதுவே மிகக் கடியது. குறை கேட்பவர் பெரும்பாலும் முதலில் விளக்கம் கூறவே விழைகின்றார். "நீங்கள் அதை அவ்வாறு பயன்படுத்தியிருக்கக்கூடாது" என்பது ஆக்குவோர் நாவில் இயல்பாகவே எழும் வாக்கியம். அது தொழில்நுட்ப நோக்கிற் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதனைக் கேட்டவர் இரண்டாம் முறை குறை கூற வரமாட்டார். இன்னும் நுட்பமான நிலை ஒன்று உண்டு. இணையத்தளங்கள் பல, வெளியிலிருந்து வரும் நிரல்களைத் தமது பக்கங்களில் இயங்கவிடாத பாதுகாப்புக் கொள்கையைக் கடைப்பிடிக்கின்றன. அத்தகைய பக்கத்தில் வழங்கியிலிருந்து நிரலைத் தருவிக்கும் புக்மார்க்லெற்றை அழுத்தினால் ஒன்றுமே நிகழாதிருக்கலாம். வழு அறிவித்தலும் பாவனையாளர் கண்ணுக்குத் தோன்றாது. அவர் தாமே பிழைவிட்டதாக எண்ணி, இரண்டொருமுறை முயன்று, பின்னர் கைவிட்டுவிடுவார். அவரிடமிருந்து ஒரு செய்தியும் வராது. குறை கூறியவர்களை மட்டும் எண்ணி மகிழும் ஆக்கியவர், பேசாது விலகியவரைக் கணக்கிற் கொள்வதில்லை. மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் வழக்கம் இங்கே பெரும் பிழைக்கு வழிகோலுகின்றது. விலகியவரைத் தேடிச் சென்று வினவுவதும் செவிமடுத்தலின் பகுதியேயாம்.

செவிமடுக்க மறுத்தலின் விளைவு எத்துணைக் கொடியதாகலாம் என்பதை வரலாறு ஒருமுறை காட்டியுள்ளது. தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம் 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளருக்கு அளவுமிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் இறந்தனர். 1986 மார்ச்சில் ரெக்சாஸ் மாநிலத்தின் ரைலர் நகரில் விபத்து நேர்ந்தபொழுது, ஆக்கியோரின் பொறியியலாளர் அதனை மீளச் செய்துகாட்ட இயலாமையால், இயந்திரம் அவ்வாறு செய்தல் இயலாது என்றனர். அது மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தது. சில நாள்களுள் அதே மருத்துவமனையில் இரண்டாவது விபத்து நேர்ந்தது. பின்னர் அம்மருத்துவமனையின் பௌதிகவியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும் சேர்ந்து முயன்று காரணத்தைக் கண்டனர். நீண்ட பழக்கத்தினால் இயக்குபவர் தரவுகளை மிக விரைவாகத் தட்டச்சிட்டுத் திருத்தினார். அவ்விரைவில்தான் வழு வெளிப்பட்டது. ஆக்கியோர் எவரும் அத்துணை விரைவாக அதனை இயக்கிப் பார்த்ததில்லை. காற்புள்ளியைக் கெடுக்கும் சிறு நிரலையும் உயிரைக் குடித்த இயந்திரத்தையும் ஒரு தட்டில் வைப்பதற்கில்லை. ஆயினும் இரண்டிலும் உண்மை இருந்த இடம் ஒன்றே: பயன்படுத்துவோரின் விரலில்.

நான்காவது கடன், சோதனைக்கு முடிவு ஒன்றை வைத்தல். கூகிள் நிறுவனத்தின் ஜிமெயில் 2004 ஏப்பிரலில் 'பீற்றா' என்னும் அடைமொழியுடன் வெளிவந்தது. 2009 ஜூலையிலேயே அவ்வடைமொழி நீக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் கோடிக்கணக்கான கடிதங்கள் அதன் வழியே சென்றன. சோதனை நிலையிலுள்ளது என்னும் சொல் முதலில் எச்சரிக்கையாகப் பிறந்தது. நாளடைவில் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கேடயமாகவும் அது பயன்படலாயிற்று. குறை நேர்ந்தால், "முன்னரே சொன்னோமே" என்பதற்கு அது இடந்தருகின்றது. பயனை முழுமையாகப் பெற்றுக்கொண்டு பொறுப்பை மட்டும் பிற்போடுவது நேர்மையாகாது. எந்நாள் வரை சோதனை, அதன்பின் யாது செய்யப்படும் என்பவற்றை முன்னரே கூறுதல் வேண்டும்.

கடன்கள் யாவும் ஆக்கியவருக்கே உரியன என்று கொள்ளவும் வேண்டியதில்லை. சோதிக்க இசைந்தவருக்கும் ஒரு கடன் உண்டு. அது மெய் உரைத்தல். நண்பரின் முயற்சியைக் கண்டு மனம் நோகாதபடி பேசுவது அன்பின் இயல்பு. ஆயின் கெட்டதை நல்லதென்று கூறும் நண்பர், அடுத்து அதனைப் பயன்படுத்தவுள்ள முகமறியாத ஒருவருக்குத் தீங்கு செய்பவராகின்றார். அவருடைய சொல் நண்பருக்கான உபசாரம் மட்டுமன்று. பின்வருவோர் சார்பில் அளிக்கப்படும் சாட்சியமும் ஆகும். சாட்சியத்தில் தாட்சணியத்துக்கு இடமில்லை. "என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நிகழ்ந்தது" என்னும் மூன்றையும் உள்ளவாறு கூறினாலே அது நல்ல சாட்சியமாகும். புகழ்ச்சியும் இகழ்ச்சியும் அதன்பின் வந்தாற் போதும்.

இவை யாவற்றுக்கும் எதிராகக் கூறத்தக்க நியாயம் ஒன்று உண்டு. ஓய்வு நேரத்தில், ஊதியமின்றி, பிறர் பயன்பெறவேண்டும் என்னும் ஆர்வத்தினால் சிறு கருவி செய்யும் மாணவர்மீது இத்துணைக் கடன்களைச் சுமத்தினால், அவர் ஒன்றுமே செய்யாதிருந்துவிடமாட்டாரா? இது புறக்கணிக்கத்தக்க தடையன்று. நமது மொழிக்கான கணினிக் கருவிகள் பல இத்தகைய தனிமனிதரின் ஆர்வத்தினாலேயே தோன்றியவை. ஆயினும் மேற்கூறிய கடன்களை நுணுகி நோக்கின், அவற்றுட் பணத்தினால் நிறைவேற்றவேண்டியது ஒன்றுமில்லை. நான்கு வரி உண்மை எழுதுதல், பெட்டிகளில் எழுதப்பட்டதைத் தொடாதவாறு நிரலை வரையறுத்தல், எதனையும் வெளியே அனுப்பாதிருத்தல், முடிவுத் திகதி இடுதல், குறை கூறியவருக்கு விடை எழுதுதல் என்பன ஒரு மாலைப் பொழுதிற் செய்யக்கூடியவை. நல்லெண்ணம் பிழைகளை மன்னிக்கச் செய்யும். பிழைகளை அறிந்துகொள்ள மறுப்பதை மன்னிக்கச் செய்யாது.

முடிவாக நோக்குமிடத்து, முற்றுப்பெறாத கருவியைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்பது ஒரு வாக்குறுதியின் தன்மையுடையது என்பது தெளிவாகும். "குறை கூறுங்கள்" என்பதன் உள்ளடங்கிய பொருள், "கூறினால் மாற்றுவேன், மாற்ற இயலாதாயின் ஏனென்று உரைப்பேன், கைவிடவேண்டியதாயின் கைவிடுவேன்" என்பதாம். கைவிடவும் ஆயத்தமாயிருப்பவரே உண்மையிற் கேட்பவர். ஏனையோர் கேட்பது பாராட்டை. அல்லது பழியில் பங்கெடுக்கத் துணையை. மேலே கூறிய மாணவர் மூன்று செய்திகளையும் பெற்ற அன்றிரவே மூவருக்கும் விடை எழுதி, எழுதிய குறிப்பை இழந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு, திருத்தம் ஆகும்வரை அப்படியைப் பயன்படுத்தவேண்டாம் எனக் கூறியிருப்பாராயின், அவருடைய நிரலில் இன்னும் பத்து வழுக்கள் இருப்பினும், அவர் நேர்மையான ஆக்குநர். அவருடைய அடுத்த படியை அம்மூவரும் மறுபடி சோதிக்க முன்வருவர். கருவி செம்மையுறுவதற்கு வேண்டிய முதற்பொருள் அவ்வாறு திரும்பி வருபவரின் நம்பிக்கையேயாகும்.